கட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி

1

அப்பாவின் திதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலையில், என் பழைய காகிதங்களையெல்லாம் சாப்பாட்டு மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இங்கே ஜெர்மனியில் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பது என்று நானும் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். அதற்கு ஒரு நீளமான பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். இதுவரை வாங்கிய விசாக்கள், தங்கும் அனுமதிகள், வாடகை ஒப்பந்தங்கள், பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு, அந்த மொழிபெயர்ப்பு சரிதான் என்பதற்கு ஒரு முத்திரை. பிறப்புச் சான்றிதழில் நான் வெறும் செல்வி. பாஸ்போர்ட்டில் செல்வி கருப்பசாமி. இரண்டு பேரும் ஒருத்திதான் என்று நிரூபிக்க இன்னொரு காகிதம்.

உதவிக்கு என் மகள் இனியா இருந்தாள். பத்து வயது. இங்கேயே பிறந்தவள். அவளுடைய தமிழ் ஜெர்மன் மொழியின் எலும்பின் மேல் போர்த்திய தமிழ். பசித்தால், "அம்மா, நான் பசி வச்சிருக்கேன்" என்பாள், ஜெர்மனில் சொல்வது போலவே. திருத்தினால் அன்று முழுக்கத் தமிழே பேச மாட்டாள். அதனால் இப்போதெல்லாம் திருத்துவதில்லை.

நான் வருடவாரியாக அடுக்கினேன். அவள் ஒவ்வொன்றாகப் பிரித்து, எந்தக் காகிதம், எந்தத் தேதி என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவில் மூன்றாக மடித்த ஒரு பச்சைத் தாளைப் பிரித்தாள்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். இங்கே தங்கும் அனுமதி முடிந்து புதியது வருவதற்குள் ஒரு தற்காலிகச் சான்று தருவார்கள். அதன் ஜெர்மன் பெயரில் 'ஃபிக்‌ஷன்' என்ற சொல் இருக்கும். அனுமதி இருப்பதாகப் பாவித்துக்கொள்வது என்பது சட்டத்தில் அதற்குப் பொருள். இலக்கியம் படிக்க வந்த எனக்கு அரசாங்கமே கதைச் சான்றிதழ் கொடுத்திருக்கிறது என்று அந்தக் காலத்தில் சக மாணவர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

"இதுனாலதான உன்ன தாத்தாவோட சாவுக்குப் போக விடல?" என்று இனியா கேட்டாள். வீட்டில் அடிக்கடி சொல்லப்பட்ட கதை. அவளுக்கு மனப்பாடம்.

"ஆமா."

அவள் தாளைத் திரும்ப ஒருமுறை வாசித்தாள். "ஆனா அம்மா, இங்க மூணாவது கட்டத்துல கிராஸ் போட்டிருக்கே. பழைய அனுமதி செல்லும், வெளிநாடு போயிட்டுத் திரும்பி வரலாம்னு. அப்ப ஏன் விடல?"

"கிராஸ் போட்டிருந்தா இல்லைன்னு அர்த்தம்," என்றேன். சொல்லிக்கொண்டே தாளுக்குக் கை நீட்டினேன்.

"இல்லம்மா. கிராஸ் போட்டா ஆமான்னு அர்த்தம்," என்றாள் அவள், என் ஜெர்மன் உச்சரிப்பைத் திருத்தும் அதே பொறுமையோடு.

2

எனக்கு நரிக்குடிப் பக்கம் ஒரு சிறிய ஊர். அப்பா கருப்பசாமி முதலில் கூலி வேலைக்குப் போனார். கண்மாய் நிறையாத வருடங்கள் அடுத்தடுத்து வந்தபோது சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டார். மண் மூடிய மூட்டத்தின் பக்கத்தில் நாள் கணக்கில் காவல் இருந்து, கரியை மூட்டை கட்டி லாரிக்கு லோடு ஏற்றுவார். கடைசிப் பத்து வருடம் அருப்புக்கோட்டையில் ஒரு மில்லில் வாட்ச்மேன். காக்கிச் சட்டை போட்ட பிறகும் அவர் நகக்கண்களில் கரி போகவேயில்லை.

மதுரையில் எம்.ஏ. முடித்து ஒப்பிலக்கியம் படிக்க வெளிநாட்டில் இடம் கிடைத்திருக்கிறது என்று நான் சொன்ன அன்று, அவர் மில் கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒப்பிலக்கியம்னா என்னத்தா?"

"ரெண்டு தேசத்துக் கதையப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குறதுப்பா."

"பாத்து? எது ஒசத்தின்னு சொல்லணுமா?"

"இல்லப்பா. அப்பிடிச் சொல்லக்கூடாது."

"பெறகு எதுக்குப் பாக்குறது?"

 இடம் கிடைப்பதற்கு முன் நேர்முகத் தேர்வில் மூன்று பேராசிரியர்கள் இதையே சுற்றி வளைத்துக் கேட்டிருந்தார்கள். அவர்களுக்குச் சொல்ல ஏதோ தயாரித்து வைத்திருந்தேன். அப்பாவிடம் சிரித்து மழுப்பினேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போனபோது டீக்கடையில், "எம் மக கதைக்குப் படிக்குது, கதைக்குன்னே தனியா பெரிய படிப்பு இருக்கு," என்று அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

இங்கே வந்த முதல் வருடம் மழை பொய்த்த நிலங்களின் கதைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். நூலகத்தின் நான்காவது மாடியில் சன்னலோரம் என் இடம். வெளியே எப்போதும் மழை. எழுநூறு பக்க நாவல்களை அகராதி வைத்துக்கொண்டு ஜெர்மனில் வாசித்து முடித்தேன். ஒரு சொல்லுக்கு நான்கு அர்த்தம் இருந்தால் நான்கையும் எழுதி வைப்பேன். கவனமாக வாசிக்கிறவள் என்று துறையில் எனக்குப் பெயர்.

3

வந்து ஒரு வருடம் முடிகிற நேரம் அது. அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அந்தப் பச்சைத் தாள் கையில் இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு குழுவின் முன் என் முதல் வருட ஆய்வை வாசிக்க வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் மேற்கொண்டு தொடர முடியும். வெள்ளிக்கிழமை மதியம், நூலகப் படிக்கட்டில் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தபோது அண்ணன் போனில் கூப்பிட்டான்.

"ஏத்தா செல்வி, அப்பா தவறிட்டாக."

அருப்புக்கோட்டையில் வீட்டுக்கு வர பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அண்ணன் இதை ஒரே மூச்சில் சொன்னான். பிறகு கேட்டான்: "நீ வாரியா? ஞாயித்துக்கெளம காலைல வரைக்கும் ஐஸ் பொட்டில வச்சுக்கிறலாம். அம்மா ஒன்னயத்தான் கேட்டுக்கிட்டு இருக்கு."

"பாத்துட்டுச் சொல்றேண்ணே."

அறைக்கு ஓடிப்போய்ப் பச்சைத் தாளை எடுத்தேன். மூன்று கட்டங்கள், மூன்று வாக்கியங்கள். முதல் இரண்டு கட்டங்கள் காலி. மூன்றாவது கட்டத்தில் நீல மையில் ஒரு பெருக்கல் குறி. பள்ளிக்கூடத்தில் சரியென்றால் டிக், தப்பென்றால் பெருக்கல். வீட்டுப்பாட நோட்டிலிருந்து பரீட்சைத் தாள் வரை அப்படித்தான். என் கண் அந்தக் குறியை அப்படியே எடுத்துக்கொண்டது. போய்த் திரும்பலாம் என்ற வாக்கியத்தை யாரோ அடித்துவிட்டார்கள். எனக்கு அது கிடையாது. போனால் திரும்பி வர முடியாது.

வெளிநாட்டவர் அலுவலகத்தை அழைத்தேன். வெள்ளிக்கிழமை மதியத்தோடு மூடிவிடுவார்கள். திங்கட்கிழமை எட்டு மணிக்கு அழைக்கவும் என்று பதிவுசெய்த குரல் சொன்னது.

அடுத்த அறையில் ஜெர்மன் மாணவி ஒருத்தி இருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. எழுந்து பத்தடி நடந்து, இதை ஒரு நிமிடம் பார்த்துச் சொல் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் வாசித்தது சரியென்று நம்பினேன் என்றுதான் இத்தனை வருடமும் சொல்லியிருப்பேன். ஆனால் இப்போது எழுதுகிறேன் என்பதால் முழுதும் எழுதிவிடுகிறேன். அந்தப் பெருக்கல் குறியைப் பார்த்தபோது துக்கத்தின் அடியில், ஒரு கண நேரம், நிம்மதி போல ஒன்று வந்து போனது. செவ்வாய்க்கிழமை வாசிப்பை விட்டுவிட்டுப் போக வேண்டாம். முடிவு என் கையில் இல்லை. இன்னொருத்தரிடம் காட்டினால் அது மறுபடி என் கைக்கு வந்துவிடும்.

ஒரு மணி நேரம் கழித்து அண்ணனைக் கூப்பிட்டேன். "விட மாட்டேங்குறாங்கண்ணே. போனா திரும்பி வர முடியாதாம்."

'முடியாதாம்'. தமிழில் அந்த 'ஆம்' வந்து ஒட்டிக்கொண்டால், வேறு யாரோ சொன்னதாக ஆகிவிடுகிறது. என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

 "சரித்தா. அழுகாத. நாங்க பாத்துக்கிறோம்," என்றான் அண்ணன். மறுநாள் காலையிலேயே அப்பாவைத் தூக்கிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை நான் வாசித்தேன். குழு ஒப்புக்கொண்டது.

4

அதன் பிறகு ஆய்வுத் தலைப்பை மாற்றிக்கொண்டேன். நான்கு மொழிக் கதைகளில் சாவுச் செய்தி எப்படிச் சொல்லப்படுகிறது என்று படித்தேன். யார் வந்து சொல்கிறார்கள், வாசலில் நின்றா, உட்கார்ந்தா, முதல் வார்த்தை என்ன, கேட்டவர் கையில் அப்போது என்ன இருந்தது. ஐந்து வருடம் இதையே படித்தேன். துறையில் எல்லோருக்கும் என் அப்பா இறந்ததும், நான் போக முடியாமல் போனதும் தெரியும். என் பேராசிரியை ஒரு விருந்தில் புதிதாக வந்த ஒருவரிடம், "இவளுக்கு இது வெறும் ஆய்வு அல்ல," என்று தணிந்த குரலில் சொன்னார். வந்தவர் என்னை மரியாதையோடு பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது அதே துறையில் வாரம் இரண்டு வகுப்பு எடுக்கிறேன். சென்ற வருடம் ஒரு வகுப்பில், எங்கள் பக்கம் 'தவறிட்டாக' என்று சொல்லித்தான் சாவைச் சொல்வார்கள் என்று விளக்கினேன். கை நழுவுவது, வழி பிசகுவது, இறப்பது, மூன்றுக்கும் ஒரே சொல். ஒரு மாணவன் கையைத் தூக்கினான். "தவறு என்றால் பிழை என்று போன வாரம் சொன்னீர்கள். அப்படியானால் யார் செய்த பிழை?" வகுப்பு சிரித்தது. நல்ல கேள்வி என்று நானும் சிரித்தேன். அன்று எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஊரிலோ அந்தச் சாவு வேறு விதமாக முடிந்திருந்தது. ஒரு மாதம் கழித்து அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தூக்குகிற நேரத்தில் பஞ்சவர்ணம் அத்தை, அப்பாவின் அக்கா, "மக வரமாட்டா. வர்றதுக்கு அவளுக்கு மனசு இல்ல. தூக்குங்கப்பா," என்று கத்தியிருக்கிறாள். அம்மா எழுந்து, "எம் மகள அந்த ஊரு கவர்மென்ட்டு விடல. அவளப் பேச நீ யாரு? வெளிய போ," என்று அத்தையைப் பிடித்துத் தள்ளியிருக்கிறாள். அத்தை போய்விட்டாள். அதோடு பன்னிரண்டு வருடமாகப் பேச்சு இல்லை, போக்குவரத்து இல்லை. அம்மாவும் அத்தையும் ஒரே கரிமூட்டத்தில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். அம்மாவுக்கு முதல் பிரசவம் பார்த்தவளே அத்தைதான்.

அம்மா எனக்காகச் சண்டை போட்டாள் என்று கேட்டபோது நெகிழ்ந்து அழுதேன்.

5

திதிக்கு இனியாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். இங்கே பள்ளிக்கூடத்துக்கு இலையுதிர்கால விடுமுறை. மதுரையில் இறங்கி, அருப்புக்கோட்டை பஸ் பிடித்து, அங்கிருந்து திருச்சுழி. அண்ணன் இப்போது திருச்சுழிக்கு வெளியே வீடு கட்டியிருக்கிறான். லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அம்மா அவனோடு இருக்கிறாள். எழுபதை நெருங்குகிறாள். நாலு ஆடு வைத்திருக்கிறாள்.

திதி முடிந்த மறுநாள் அண்ணன் பந்தல்குடிக்கு லோடு ஏற்றப் போயிருந்தான். வெயில் இறங்காத மதியம். அம்மா வீட்டுக்குப் பின்னால் ஆடுகளுக்குக் கருவேலங்காயின் காய்ந்த நெத்தை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். பச்சைத் தாளைக் கையில் கொண்டுபோயிருந்தேன். அதை எதற்குக் கொண்டுபோனேன் என்று தெரியவில்லை. அம்மாவுக்கு எந்த மொழியிலும் வாசிக்கத் தெரியாது.

"அம்மா, அன்னிக்கு நான் வந்திருக்கலாம்."

"என்னிக்கு?"

"அப்பா தவறினன்னிக்கு."

அம்மா நிமிர்ந்தாள். "அதான் அவுக விடலையே."

"யாரும் என்னய நிப்பாட்டலம்மா. இந்தப் பேப்பர்ல போலாம்னுதான் இருந்துச்சு. நான்தான் தப்பா வாசிச்சுட்டேன்."

"ஒனக்கா வாசிக்கத் தெரியல?" கேலி இல்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டாள்.

பெருக்கல் குறியை விளக்கினேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்கு என்ன அர்த்தம், அங்கே என்ன அர்த்தம் என்று சொன்னேன். அம்மா கவனமாகக் கேட்டாள். தப்பு நடப்பதுதான், விடு என்று சொல்லிவிடுவாள் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"பக்கத்துல யாரும் இல்லையா? ஒரு ஆளக் கேக்கலையா?"

"இல்லம்மா."

"ஆளு இல்லையா, கேக்கலையா?"

"கேக்கல."

"ஏன்?"

செவ்வாய்க்கிழமையைப் பற்றிச் சொன்னேன். அந்த நிம்மதியைப் பற்றியும் சொன்னேன். அதை ஜெர்மனிலோ ஆங்கிலத்திலோ சொல்லியிருந்தால் நல்ல சொற்கள் கிடைத்திருக்கும். அம்மாவின் தமிழில் அது, "அப்ப போக வேணாம்னு மனசுல ஒரு ஓரத்துல பட்டுச்சும்மா," என்று மட்டும்தான் வந்தது.

அம்மா மீதி நெத்தை ஆடுகளுக்குப் போட்டு முடித்தாள். கையைச் சேலையில் துடைத்தாள்.

"பன்னெண்டு வருசமா அந்த ஊரு கவர்மென்ட்ட வஞ்சுக்கிட்டு இருக்கேன். வெளக்கேத்துறப்பக்கூட வஞ்சிருக்கேன், நாசமாப் போகணும்னு. இனிமே நான் யாரப் போயி வைவேன்? ஒன்னயவா?"



"என்னய வையி," என்றேன்.

"அதுக்குத்தான் எனக்கு வாய் வரலையே," என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

அதன் பிறகு இரண்டு நாள் அவள் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. சோறு போட்டாள். இனியாவுக்குத் தலை பின்னிவிட்டாள். இனியா, "அம்மாச்சி கோபம் வச்சிருக்காங்களா?" என்று என்னிடம் கேட்டாள். அந்த வாக்கியத்தில் திருத்த ஒன்றும் இல்லை. ஆமாம் என்றேன். யார் மேல் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். பிறகு அவள் வெகுநேரம் ஆடுகளோடு இருந்தாள். அந்தத் தாளைத் தான் வாசிக்காமல் இருந்திருக்க வேண்டுமோ என்று அவள் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. போய்க் கட்டிக்கொண்டு, நீ வாசிச்சது நல்லதுதான் என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை.

6

மூன்றாம் நாள் காலை அம்மா குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "கெளம்பு. பஞ்சவர்ணம் மதினி வீட்டுக்குப் போறோம்."

"என்ன சொல்லப் போற?"

"நடந்தத."

நரிக்குடி பஸ்ஸில் அம்மா முன்னால் உட்கார்ந்துகொண்டாள். நானும் இனியாவும் இரண்டு இருக்கை தள்ளி. வழியெல்லாம் கருவேலங்காடு. இரண்டு இடத்தில் கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. அம்மா எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருடமாக எனக்காகத் தலைநிமிர்ந்து பேசிய ஒரு பேச்சைத் திருப்பி எடுக்க அவள் போய்க்கொண்டிருந்தாள். வேண்டாம், நான் மட்டும் போய்ச் சொல்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

பஞ்சவர்ணம் அத்தை வீட்டு முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். ஒரு கண்ணில் பார்வை மங்கியிருந்தது. படலைத் திறக்கும் சத்தம் கேட்டு, "யாரு?" என்றாள்.

"நாந்தான், பேச்சி," என்றாள் அம்மா.

அத்தை அசையவில்லை. அம்மா கட்டிலுக்கு இரண்டடி முன்னால் போய் நின்றாள். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

"மதினி, இவ அன்னிக்கு வந்துருக்கலாம். யாரும் தடுக்கல. இவதான் வரல. நீ சொன்னதுதான் சரி. நான் ஒன்னய வெளிய போகச் சொன்னது தப்பு."

அத்தை வெகுநேரம் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அத்தையின் முகம் ஜெயித்த முகமாக இல்லை. ஏதோ கைவிட்டுப் போனது போல இருந்தது.

"நான் ஆத்தரத்துல சொன்னேன், பேச்சி. அது நெசமா இருக்கணும்னு நான் ஒருநாளும் நெனைக்கலயே," என்றாள்.

அம்மாவுக்கு வாய் கோணியது.

"எந் தம்பியத் தூக்குறப்ப நான் ரோட்டுல பஸ்ஸுக்கு நின்னேன்," என்றாள் அத்தை. "கொட்டுச் சத்தம் கேக்குது. நான் நிக்கிறேன். பஸ்ஸு வந்துச்சு. ஏறிட்டேன்."

அம்மா அப்படியே கட்டிலுக்குக் கீழே மண்ணில் உட்கார்ந்து, அத்தையின் முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். அத்தை அவள் முதுகில் கையைப் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள். நான் படலுக்குப் பக்கத்திலேயே நின்றேன். இனியா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பிறகு அத்தையின் மருமகள் வந்து தண்ணீர் கொடுத்தாள். இனியாவைப் பக்கத்தில் கூப்பிட்டு அத்தை அவள் கன்னத்தைத் தடவி, "எந் தம்பி மூக்கு," என்றாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். சாப்பிட்டோம். அம்மாவும் அத்தையும் யார் யார் செத்துப் போனார்கள், யார் வீட்டில் கல்யாணம் என்று பன்னிரண்டு வருடத்தையும் மதியத்துக்குள் பேசி முடிக்கப் பார்த்தார்கள். எனக்குச் சோறு வைத்தது மருமகள். அத்தை என்னை ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. போகும்போது காலில் விழுந்தேன். அவள் கையைத் தூக்கவில்லை. தலையை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளவும் இல்லை. நான் எழும்வரை சும்மா இருந்தாள்.

படல் வரைக்கும் மருமகளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்து, "அடுத்த வாரம் வா, பேச்சி. ஒரு நாள் இருந்துட்டுப் போ," என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "நீ மட்டும் வா," என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அம்மா என் பக்கம் திரும்பவில்லை.

"வாரேன் மதினி," என்றாள்.